ஐந்நூற்றுப் பன்னிரண்டு கோடுகள்

அத்தியாயம் 9

“செருப்பை வெளியே விடுங்க. போனை அணைச்சிடுங்க. தும்மல் வந்தா ஓடிப்போய் வராந்தாவுல தும்முங்க.”

“மூச்சு?” என்று கேட்டான் ரேடியோ.

“அளவா விட்டுக்கலாம்,” என்றார் சர்வீஸ் இன்ஜினியர், சிரிக்காமல்.

வக்கீலம்மா ஒன்றும் சொல்லாமல் செருப்பைக் கழற்றினார். வழக்காடுவதை விட்டுத் துப்பறிய வந்து பதினாறு வருடம் ஆகிறது; கறுப்பு அங்கி போனாலும் பெயர் போகவில்லை. பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதில்தான் அவருக்கு நம்பிக்கை அதிகம். அந்தக் குறையை ஈடுகட்டவே ரேடியோவை உதவியாளனாக வைத்திருக்கிறார் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். முப்பது வயது ரேடியோவுக்கு அணைக்கும் பொத்தான் கிடையாது.

ஆய்வகத்தில் ஒரு சின்ன அறை. ஜன்னல் இல்லை. நடுவில் இரும்புக் கால்கள் மேல் ஒரு கனத்த கல் பலகை. அதன் மேல் தையல் மெஷினைவிடச் சிறியதாக ஒரு நுண்ணோக்கி. பக்கத்து மேஜையில் ஒரு கணினி. மேலே குளிர்காற்று வரும் துவாரத்தை ஒரு அட்டை மூடியிருந்தது. தரையில் போலீஸ் வரைந்த சாக்பீஸ் கோடு இன்னும் அழியவில்லை. சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்று கவிழ்ந்து கிடந்த இடத்தையும் அவர்கள் வரைந்து வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை மதியம், இருபத்தெட்டு வயது ஆராய்ச்சிக்காரி ஒருத்தி இந்தக் கல்லின் ஓரத்தில் தலை அடிபட்டு இறந்து கிடந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. பன்னிரண்டு பத்துக்குக் கதவைத் திறந்து முதலில் பார்த்தவன் அவளோடு வேலை பார்த்தவன். தடித்த கண்ணாடிக்காக அவளே வைத்த பெயர் சோடாபுட்டி. இன்னொரு சாவி அவனிடம்தான் இருந்தது. அன்று காலை இருவருக்கும் கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று பலத்த வாக்குவாதம். பிடித்துத் தள்ளிவிட்டு வெளியே போய், ஒன்றும் தெரியாதவன்போலத் திரும்பி வந்திருக்கிறான் என்பது போலீஸ் கணக்கு. அவனோ வாயைத் திறக்கவில்லை. இன்று மாலை நான்கு மணிக்கு அவனைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள்.

புகார் கொடுத்தவர் பெண்ணின் தகப்பனார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வக்கீலம்மாவிடம் வந்ததும் அவரேதான். “அவன்தான் செஞ்சான்னு உறுதியாச் சொல்லிடுங்கம்மா. போதும்,” என்றார். யார் செய்தது என்று கேட்காமல் அப்படிக் கேட்டது வக்கீலம்மாவின் மனதில் முள்ளாகக் கிடந்தது.

“சரி, இந்த மெஷின் என்ன செய்யும்? சுருக்கமா, எனக்குப் புரியற மாதிரி,” என்றான் ரேடியோ.

“இதுக்குக் கண்ணு கிடையாது,” என்றார் இன்ஜினியர். “ஒரு ஊசி. முடியைவிடப் பல ஆயிரம் மடங்கு சன்னமான முனை. பார்வை இல்லாதவர் கைத்தடியால தட்டித் தட்டி நடக்கற மாதிரி, இது ஒரு ரத்த அணு மேல தட்டித் தட்டி மேடு பள்ளம் பார்க்கும். மேலேர்ந்து கீழே ஒவ்வொரு கோடா. ஒரு படத்துக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு கோடு.”

“இத்தனை விலை கொடுத்து வாங்கினதுக்குக் கண்ணு இல்லையா! எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான், விலை அதிகமானவங்க எதையும் பார்க்கறதில்லை.”

வக்கீலம்மா அவனைப் பார்த்தார். அவன் ஒலியைக் குறைத்துக்கொண்டான்.

“அந்தத் தட்டற சத்தம் கேக்குமா?” என்றார் அவர்.

“எறும்புக்குக்கூடக் கேக்காது. ஆனா நம்ம சத்தம் அதுக்குக் கேக்கும். இந்த அறைக்குள்ள ஒருத்தர் நாலு அடி எடுத்து வெச்சா படத்துல நாலு கீறல் விழும். அதுக்குத்தான் கதவுக்கு மேல சிவப்பு விளக்கு. அது எரிஞ்சா யாரும் திறக்க மாட்டாங்க, தட்ட மாட்டாங்க. டைரக்டரே வந்தாலும் காத்திருப்பார்.”

அன்று எடுத்த படங்களுக்கு மெஷினே வரிசையாக எண் போட்டிருந்தது. 211, 212. அதோடு நின்றது. ஆனால் அடுத்த எண்ணாக அது 214-ஐ வைத்துக்கொண்டு காத்திருந்தது.

“213-ஐ சோடாபுட்டி அழிச்சிட்டான். கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?” என்றான் ரேடியோ.

வக்கீலம்மா இன்ஜினியர் பக்கம் திரும்பினார். “ஆராய்ச்சி பண்றவங்க படத்தை அழிப்பாங்களா?”

“கையை வேணா வெட்டிக்குவாங்க. உதவாத படத்தைக்கூடத் தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு வெப்பாங்க.”

“அதைத் திறங்க.”

அந்த ஃபோல்டரின் பெயர் ‘கெட்ட ஊசி’. முந்நூறுக்கு மேல் படங்கள். எல்லாவற்றிலும் ரத்த அணுக்கள் ஜோடி ஜோடியாக இருந்தன, ஒவ்வொன்றின் வலப்பக்கமும் அதே உருவம் ஒட்டிக்கொண்டு.

“ஊசி முனை உடைஞ்சு ரெண்டாப் போயிருக்கும். அப்போ ஒரே அணுவை ரெண்டு தடவை தொடும். ஒண்ணு ரெண்டாத் தெரியும்,” என்றார் இன்ஜினியர்.

“எங்க சித்தப்பா சனிக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் பார்ப்பார்.”

படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. இரட்டை, இரட்டை, இரட்டை. வக்கீலம்மா கை உயர்த்தினார்.

“இது ஒத்தையா இருக்கே.”

வட்ட வட்டமாக, நடுவில் லேசான குழியோடு, தனித்தனியாக அணுக்கள். ஊசிக்கு ஒரு கேடும் இல்லை. உதவாத படங்களுக்கு நடுவே ஒரு நல்ல படம் ஒளிந்திருந்தது. எண்ணை மாற்றியிருந்தார்கள், தேதியை மாற்றவில்லை. அந்த வியாழக்கிழமை. தொடக்கம் பதினொன்று நாற்பது.

“யாரோட ரத்தம் இது?” என்றான் ரேடியோ.

இன்ஜினியர் குறிப்பைப் பார்த்தார். “அவங்களோடதுதான். நோயாளி ரத்தத்தோட ஒப்பிட நல்ல ரத்தம் வேணும்னா, தன் விரலையே குத்திக்குவாங்க. அதுதான் இங்க பழக்கம்.”

வக்கீலம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தார். நெடுநேரம் பார்த்தார். ஒரு பெண்ணின் ரத்தத்தை இவ்வளவு அருகில், அவள் போன பிறகு, முன்பின் தெரியாத மூன்று பேர் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“ஒரு கோட்டுக்கு எவ்வளவு நேரம்?”

“மூணு வினாடி.”

“அப்போ இது கடிகாரமும்தான்.”

இன்ஜினியர் நிமிர்ந்தார். இத்தனை வருடம் இந்த மெஷின்களோடு வாழ்ந்தும் அவருக்கு அது தோன்றியதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பென்சிலை எடுத்துத் திரையின் மேல்விளிம்பில் வைத்தார்.

“இங்கே பாருங்க, மேலே அலை அலையா இருக்கு. அது குளிர்காற்றோட அதிர்வு. எழுபத்தாறாவது கோட்டுல சட்டுனு நிக்குது.”

“யாரோ அந்த அட்டையை வெச்சு மூடியிருக்காங்க,” என்றார் வக்கீலம்மா, கூரையைப் பார்த்து.

“படம் ஓடறப்போ அலை தெரிஞ்சா மூடுவாங்க. இல்லேன்னா ரூம் சுடுமேன்னு எடுத்து வெச்சிடுவாங்க. ஆனா அந்த உயரத்துக்கு…”

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. மூவரும் சாக்பீஸால் வரைந்த ஸ்டூலைப் பார்த்தார்கள். அதன் சக்கரங்களையும் போலீஸ்காரர் ஒருவர் பொறுப்பாகச் சின்ன வட்டங்களாக வரைந்திருந்தார்.

எண்பதாவது கோட்டில் படம் கிழிந்ததுபோல் வெள்ளையாக ஒரு பட்டை. பதினொன்று நாற்பத்துநான்கு.

“விழுந்துட்டாங்க,” என்றார் இன்ஜினியர் மெதுவாக. “ஊசி உடையாம இருந்ததே அதிசயம்.”

“அப்பா வந்தது எத்தனை மணிக்கு?”

“கேட் நோட்டுல பதினொன்னு நாப்பத்தேழு,” என்றான் ரேடியோ. “ஒரு நிமிஷத்துல கதவுகிட்ட வந்துட்டார். வியாழக்கிழமை தோறும் மகளோட சாப்பிட வருவார். சிவப்பு விளக்கு எரிஞ்சதால வெளி பெஞ்சுலயே உக்காந்திருக்கார். அதுக்கப்புறம் இந்தக் கதவு வழியா யாரும் வெளியே போகலைன்னு அவரே எழுதிக் கொடுத்திருக்கார்.”

“அப்படின்னா தள்ளினவன் நாப்பத்துநாலுக்கும் நாப்பத்தெட்டுக்கும் நடுவுல நடந்து வெளியே போயிருக்கணும். எண்பதாவது கோட்டுலேர்ந்து நூத்தி அறுபது வரைக்கும். எத்தனை காலடி?”

இன்ஜினியர் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு கோடாக இறங்கினார்.

“ஒண்ணுகூட இல்லை. கதவு திறந்த அடையாளமும் இல்லை.”

ரேடியோ கைகளைத் தேய்த்தான். “ஆக யாரும் தள்ளலை! சோடாபுட்டிக்கு விடுதலை. அக்கா, இந்தப் படத்தைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டர் மேஜையில போட்டா… ஆனா அந்த லூசு இதை எதுக்கு ஒளிச்சு வெச்சான்? அவனைக் காப்பாத்தறதே இதுதானே!”

வக்கீலம்மாவின் கண் படத்தில் இன்னும் கீழே போயிருந்தது. நூற்று எழுபதாவது கோட்டில் மூன்று சின்னக் கீறல்கள். பத்துப் பன்னிரண்டு கோடு தள்ளி மீண்டும் மூன்று. மீண்டும் மூன்று.

“இது காலடியா?”

“இல்லை. நடை இப்படி வராது. இது கல்லோட காலையே…” இன்ஜினியர் குனிந்து கல் பலகையின் இரும்புக் காலைப் பார்த்தார். சாக்பீஸால் வரைந்த கை அந்தக் காலைத் தொட்டுக்கொண்டு இருந்தது. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

வக்கீலம்மா தானே எண்ணினார். பதினான்கு முறை. முதலில் சீராக. போகப்போக இடைவெளி கூடியது, கீறல் மெலிந்தது. முந்நூற்று முப்பதாவது கோட்டில் ஒரே ஒரு கீறல். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த ஆய்வகத்தில் அதுவரை யாரும் எடுத்திராத அளவுக்குத் துல்லியமான, அசைவே இல்லாத நூற்று எண்பத்திரண்டு கோடுகள்.

எட்டு நிமிடம் தட்டியிருக்கிறாள். இடப்பக்க மூளையில் அடி, பேச்சு போயிருக்கும் என்று டாக்டர் அறிக்கையில் இருந்தது. வியாழக்கிழமை, அப்பா வரும் நேரம் என்பது அவளுக்குத் தெரியும்.

கதவுக்கும் பெஞ்சுக்கும் ஆறடி.

ரேடியோ கதவைப் பார்த்தபடி சொன்னான்: “அதான் ஒளிச்சு வெச்சிருக்கான்.”

*

காரில் வக்கீலம்மா டாக்டருக்கு ஒரு போன் செய்தார்.

“நூத்தி அறுபத்தஞ்சு கோட்டோட வெட்டிடலாம்க்கா,” என்றான் ரேடியோ. “மேல் பாதி மட்டும் கொடுப்போம். பையனும் தப்பிப்பான். பெரியவருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்.”

“அரைப் படத்தை எந்தக் கோர்ட்டும் வாங்காது. மீதி எங்கேன்னுதான் முதல்ல கேப்பாங்க.”

“அப்போ என்ன சொல்லப் போறீங்க அவர்கிட்ட?”

வக்கீலம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். உண்மை என்ற ஒன்றைத் தேடித் தருவதற்குத்தான் மனிதர்கள் அவரிடம் வருகிறார்கள். தேடிக் கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் திரும்ப வழி உண்டா என்று அவர் யோசித்தது இதுதான் முதல் தடவை.

இரண்டாவது மாடி வீடு. தகப்பனார் கதவைத் திறந்ததும் கேட்டார்: “அவன்தானே?”

“உக்காருங்க ஐயா.”

உட்கார்ந்தார். கூடத்தில் மூன்று நாற்காலிகள். மூன்றாவதில் ஒரு பெண்ணின் கைப்பை இருந்தது. அதை நகர்த்த யாரும் முயலவில்லை. ரேடியோ நின்றுகொண்டான்.

வக்கீலம்மா அலை நின்றதைச் சொன்னார். ஸ்டூலைச் சொன்னார். காலடி இல்லாததைச் சொன்னார். “யாரும் தள்ளலை ஐயா. அட்டையை வெச்சு மூட ஏறியிருக்கா. சக்கரம் நழுவிடுச்சு.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, கையைப் பார்த்தபடி, “அந்த மெஷின் சத்தம் போடுமாம்மா? வெளியே கேக்கற மாதிரி?”

வக்கீலம்மா மூச்சை இழுத்தார். அதற்குள் ரேடியோ, வாழ்க்கையில் முதன்முறையாக நல்ல மனதோடு மட்டும், பேச்சில் குதித்துவிட்டான்.

“போடும் ஐயா! தட்டித் தட்டித்தானே படமே எடுக்குது. டொக் டொக்னு நல்லாவே கேக்கும்.”

பெரியவரின் முகம் இறுகிப்போனது.

“நீயும் இதையே சொல்றியா தம்பி? எல்லாம் முடிஞ்ச அன்னிக்கு நான் கேட்டதுக்கு அந்தப் பையனும் இதையேதான் சொன்னான். மெஷின் சத்தம்தான்பான்னு. பாப்பாவும் சொல்லியிருக்கா, அது தட்டித் தட்டித்தான் பார்க்கும்னு. அதனாலதான் அன்னிக்கு… சத்தம் கேட்டதும், வேலை நடக்குதுன்னு சந்தோஷமா உக்காந்திருந்தேன்.”

பெரியவர் நாற்காலியின் கையை விரலால் ஒருமுறை தட்டினார்.

“நான் ரயில்வேயில என்ன வேலை பார்த்தேன் தெரியுமா? வண்டி நின்னதும் சுத்தியலை எடுத்துட்டு ஒவ்வொரு சக்கரமாத் தட்டிக் காது கொடுப்பேன். விரிசல் விட்டது வேற மாதிரி பேசும். முப்பத்தாறு வருஷம். மூணாம் நாள் காலையில பல் விளக்கிட்டிருக்கேன், அப்படியே நின்னுட்டேன். மெஷின் தட்டினா முதல் தட்டும் கடைசித் தட்டும் ஒண்ணுபோல இருக்கும். நான் கேட்டது களைச்சுப் போச்சும்மா. கைதான் களைக்கும்.”

“ஐயா…”

“அப்போ அந்தப் பையன் என்கிட்ட பொய் சொல்லியிருக்கான். எதுக்குச் சொல்லணும்? அவன்தான் செஞ்சிருக்கணும். வேற காரணம் எனக்குத் தோணலை.” குரல் தாழ்ந்தது. “தோணாம இருக்கணும்னு பார்த்துக்கிட்டேன். அவன் செஞ்சதா இருந்தா, அது என்னோட தப்பு இல்லைன்னு ஆயிடும் பாருங்க.”

ரேடியோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

வக்கீலம்மா தன் நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டார்.

“அது பாப்பாவோட கைதான்.”

பெரியவர் கண்ணை மூடினார். பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து, மூடினார்கள்.

“எவ்வளவு நேரம்?”

“எட்டு நிமிஷம்.”

“நான் திறந்திருந்தா?”

“தெரியாது. டாக்டர்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் தெரியாதுன்னார். ஆறுதலுக்காக நான் மாத்திச் சொல்லலை.”

அவர் நெடுநேரம் பேசவில்லை. வக்கீலம்மாவும் பேசவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே மரியாதை அதுதான்.

“அப்போ அந்தப் பையன்?” என்றார் கடைசியில்.

“சிவப்பு விளக்கு அணையலைன்னு வந்து திறந்தான். அவளைப் பார்த்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வந்து படத்தைப் பார்த்தான். அவனுக்கு அதைப் படிக்கத் தெரியும். வெளியே பெஞ்சுல யார் இருந்தாங்கன்னும் தெரியும். எடுத்து ஒளிச்சு வெச்சிட்டான்.”

“அதைக் காட்டியிருந்தா அவனை விட்டிருப்பாங்களே.”

“ஆமா.”

“நான் அவன் மேல கொலைப் புகார் கொடுத்தப்புறமும் காட்டலையா?”

“காட்டலை.”

தகப்பனார் எழுந்தார். சட்டையை எடுத்து மாட்டும்போது பொத்தான் மாறிப்போனது. ரேடியோ வந்து சரியாகப் போட்டுவிட்டான்.

“மணி என்ன தம்பி?”

“மூணு பத்து.”

“வண்டியை எடு.”

*

போலீஸ் ஸ்டேஷனில் சோடாபுட்டி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு நாளில் பாதியாகியிருந்தான். வக்கீலம்மாவின் கையில் இருந்த படத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு எழுந்துவிட்டான்.

“மேடம், அதை எதுக்கு… அவருக்கு முன்னாடி வேணாம் மேடம். நான்தான் தள்ளினேன்னுகூட எழுதிக்கோங்க!”

“எனக்குத் தெரியும்பா. உக்காரு,” என்றார் தகப்பனார்.

அவன் வாய் திறந்தபடி நின்றான். அவர் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் கண்ணாடியைக் கழற்றினான். அது இல்லாத முகம் பள்ளிக்கூடப் பையன் முகம்போல இருந்தது.

இன்ஸ்பெக்டர் படத்தையும் வக்கீலம்மா எழுதி வைத்த நேரக்கணக்கையும் இரண்டு தடவை பார்த்தார். ஆய்வகத்துக்குப் போன் செய்து இன்ஜினியரிடம் கேட்டார். கேட்டு முடித்துத் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“விபத்துன்னு அறிக்கை எழுதி கோர்ட்டுக்கு அனுப்பறேன். இவரை விட்டுடலாம். நீங்க புகாரை வாபஸ் வாங்கறதா ஒரு கையெழுத்து போடணும்.”

“போடறேன். அதுக்கு முன்னாடி நான் சொல்றதையும் எழுதுங்க. தட்டற சத்தம் கேட்டது. எட்டு நிமிஷம். கேட்டது அவ அப்பா.”

“வேணாம்பா,” என்றான் சோடாபுட்டி. “எழுதாதீங்க சார், வேணாம்.”

இன்ஸ்பெக்டர் சங்கடத்தோடு வக்கீலம்மாவைப் பார்த்தார்.

“சட்டப்படி அது தேவையில்லை ஐயா,” என்றார் வக்கீலம்மா. “படத்துலயே எல்லாம் இருக்கு.”

“சட்டத்துக்காகச் சொல்லலைம்மா. இந்த அறிக்கையைப் படிக்கறவங்க, அந்தப் பொண்ணு யாருமே இல்லாம தனியாக் கிடந்தாள்னு நினைப்பாங்க.” அவர் நிறுத்தி, திரும்பத் தொடங்கினார். “அவ தனியா இல்லை. நான் அங்கதான் இருந்தேன். அதை எழுதுங்க.”

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து, அவர் சொன்னதை அப்படியே எழுதினார்.